வசதிக்கு விலைபோகும் விடுதலை: ஜான் கிறிஸ்டோபரின் சிறார் அறிவியல் புனைகதைகள்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரிட்டனில் சிறுவர்களுக்கான அறிவியல் புனைகதை என்றாலே ராக்கெட்தான். டபிள்யூ. ஈ. ஜான்ஸும் ஹியூ வால்டர்ஸும் தங்கள் நாயகர்களைச் சந்திரனுக்கும் அதற்கப்பாலும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதே துறையில் நுழைந்த ஜான் கிறிஸ்டோபர் எதிர்த்திசையில் போனார். அவருடைய எதிர்காலத்தில் மாவு ஆலை இருக்கிறது, குதிரை வண்டி இருக்கிறது, கோட்டையும் வாளும் இருக்கின்றன. மின்சாரமும் ரயிலும் மறந்துபோன பழங்கதைகளாகக் கிடக்கின்றன. அந்த உலகத்துக்குள் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன்களை நிறுத்தி ஒரே கேள்வியை அவர் மீண்டும் மீண்டும் கேட்டார்: வயிறு நிறைகிறது, பயமில்லை, ஊர் அமைதியாக இருக்கிறது, இவ்வளவும் கிடைக்கும்போது சொந்தமாக யோசிக்கும் உரிமையை ஏன் விட்டுக்கொடுக்கக் கூடாது?

பெரியவர்களே திணறும் கேள்வி இது. அதைச் சிறுவர்களிடம் நேராகக் கேட்டதும், எளிய பதில் சொல்லி அவர்களை ஏமாற்றாததும்தான் கிறிஸ்டோபரின் சாதனை என்பது இக்கட்டுரையின் வாதம்.

பல பெயர்களில் ஒரு மனிதர்

அவருடைய இயற்பெயர் சாமுவேல் யூட். 1922 ஏப்ரல் 16 அன்று இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் பிறந்தார். சிறுவயதிலேயே குடும்பம் தெற்கே ஹாம்ப்ஷயருக்குக் குடிபெயர்ந்தது. வின்செஸ்டர் நகரில் உள்ள பீட்டர் சைமண்ட்ஸ் பள்ளியில் படித்தார். பழமையான தேவாலயமும் மதில்களும் கொண்ட அந்த நகரம் பின்னாளில் அவர் கதைகளில் வாளேந்திய இளவரசர்களின் தலைநகராக மாறும்.

பதின்ம வயதிலேயே அறிவியல் புனைகதைப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. 1939இல், பதினேழு வயதையொட்டி, ‘தி ஃபேண்டஸ்ட்’ என்ற ரசிகர் சிற்றிதழை நடத்தத் தொடங்கினார். போர்க்காலத்தில் 1941 முதல் 1946 வரை ராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவில் பணியாற்றினார். போர் முடிந்ததும் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவித்தொகை கிடைத்தது. எழுதிப் பார்க்க அது கொஞ்ச காலம் கொடுத்தது. முதல் நாவல் ‘தி வின்டர் ஸ்வான்’ 1949இல் வெளிவந்தது. அது அறிவியல் புனைகதை அல்ல.

எழுத்து மட்டும் குடும்பத்துக்குச் சோறு போடவில்லை. லண்டனில் தொழில்துறை வைரங்கள் குறித்த தகவல் நிறுவனம் ஒன்றில் பகலில் வேலை பார்த்தார். மிஞ்சிய நேரத்தில் எழுதினார். வகைக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டார். ஹிலாரி ஃபோர்ட், வில்லியம் காட்ஃப்ரே, பீட்டர் கிராஃப், ஸ்டான்லி வின்செஸ்டர் எல்லாம் அவரேதான். கிரிக்கெட் நாவலும் துப்பறியும் நாவலும் அந்தப் பெயர்களில் வந்தன. அறிவியல் புனைகதைக்கு அவர் எடுத்துக்கொண்ட பெயர்தான் ஜான் கிறிஸ்டோபர். அந்தப் பெயரே நிலைத்தது.

புல் செத்த உலகம்

1956இல் வெளிவந்த ‘தி டெத் ஆஃப் கிராஸ்’ அவர் வாழ்க்கையைத் திருப்பியது. பெரியவர்களுக்கான நாவல்தான். ஆனாலும் அதைத் தொடாமல் அவருடைய சிறார் கதைகளைப் புரிந்துகொள்ள முடியாது.

ஆசியாவில் ஒரு வைரஸ் நெற்பயிரைத் தாக்குகிறது. சீனாவில் பஞ்சம் தலைவிரித்தாடுகிறது. பிரிட்டன் மக்கள் அதைச் செய்தியாகப் படித்து, பரிதாபப்பட்டு, தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள். பிறகு அந்த வைரஸ் உருமாறுகிறது. நெல், கோதுமை, பார்லி, ஓட்ஸ், மேய்ச்சல் புல் எல்லாம் ஒரே தாவரக் குடும்பம் என்ற எளிய உண்மை அப்போதுதான் எல்லோருக்கும் உறைக்கிறது. புல் செத்தால் தானியம் இல்லை, மேய்ச்சல் இல்லை, அதனால் பாலும் இறைச்சியும் இல்லை. லண்டனில் வாழும் ஜான் கஸ்டன்ஸ் என்ற நடுத்தர வர்க்கத்து மனிதன், வடக்கே மலைப் பள்ளத்தாக்கில் உருளைக்கிழங்கு பயிரிட்டிருக்கும் தன் அண்ணனின் பண்ணையை நோக்கிக் குடும்பத்தோடு புறப்படுகிறான். சில நாட்களே நீளும் அந்தப் பயணத்தில் கண்ணியமான ஒரு மனிதன் கொலைக்கு அஞ்சாத கூட்டத் தலைவனாக மாறுகிறான்.

இந்த நாவலின் திரைப்பட உரிமை விற்ற பணத்தில்தான் அவர் அலுவலக வேலையை விட்டு முழுநேர எழுத்தாளரானார். படம் 1970இல் கார்னல் வைல்டு இயக்கத்தில் வந்தது. ஒழுங்கு என்பது எவ்வளவு மெல்லிய பூச்சு என்பதை இங்கே காட்டிய கிறிஸ்டோபர், சிறுவர்களுக்கு எழுத வந்தபோது அதன் மறுபக்கத்தைக் காட்டினார். ஒழுங்கு கலையாமல் இருக்க மனிதர்கள் எதையெல்லாம் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள் என்பதே அந்த மறுபக்கம்.

தலையில் ஏறும் உலோக வலை

1960களில் கிறிஸ்டோபர் கெர்ன்சி தீவில் வசித்தார். 1940 முதல் 1945 வரை ஜெர்மானியப் படைகளின் பிடியில் இருந்த தீவு அது. சிறுவர்களுக்காக அறிவியல் புனைகதை எழுதித் தரும்படி பதிப்பாளர் கேட்டபோது, எதிர்காலத்தைவிடக் கடந்தகாலமே அவரை அதிகம் ஈர்த்துக்கொண்டிருந்தது. இரண்டையும் இணைக்க வழி கண்டார்: எதிர்காலத்தில் ஓர் இடைக்காலம். எழுதிய பிரதியை அமெரிக்கப் பதிப்பாளர் அப்படியே ஏற்கவில்லை. தொடக்கம் நன்று, மற்றதைத் திருத்தி எழுதுங்கள் என்று திருப்பி அனுப்பினார். கிறிஸ்டோபர் மறுபடி உட்கார்ந்து எழுதினார். 1967இல் ‘தி ஒயிட் மவுண்டன்ஸ்’ வெளிவந்தது. அதே ஆண்டு ‘தி சிட்டி ஆஃப் கோல்ட் அண்ட் லெட்’, அடுத்த ஆண்டு ‘தி பூல் ஆஃப் ஃபயர்’. மூன்றும் சேர்ந்து ‘டிரைபாட்ஸ்’ முத்தொகுதி.

மூன்று கால்களில் நடக்கும் ராட்சத இயந்திரங்கள் எச். ஜி. வெல்ஸின் 1898ஆம் ஆண்டு நாவலிலேயே வந்துவிட்டன. வெல்ஸ் படையெடுப்பைச் சொன்னார். கிறிஸ்டோபர் படையெடுப்பு முடிந்து பல தலைமுறைகள் கழித்துக் கதையைத் தொடங்குகிறார். யாருக்கும் பழைய உலகம் நினைவில்லை. வில் பார்க்கர் என்ற பையன் வெர்ட்டன் கிராமத்து மாவு ஆலைக்காரரின் மகன். அவன் ஊரில் பதினான்கு வயதானால் எல்லோருக்கும் ஒரு விழா. டிரைபாட் ஊருக்கு வரும். அதன் உலோகக் கரம் பையனையோ பெண்ணையோ வளைத்து உள்ளே தூக்கிக்கொள்ளும். திரும்பி வரும்போது மழித்த தலையில் ஓர் உலோக வலை பதிந்திருக்கும். சதையோடு சேர்ந்துவிடும் அந்தத் தொப்பியை இனிக் கழற்ற முடியாது. ஊரே விருந்து வைத்துக் கொண்டாடும்.

முத்தொகுதியின் மிகக் கொடூரமான காட்சி முதல் நாவலின் தொடக்கத்திலேயே வருகிறது. அதில் ஒரு துளி ரத்தம் கிடையாது. வில்லின் நண்பன் ஜாக் அவனைவிடச் சற்று மூத்தவன். விழாவுக்கு முன் இருவரும் தங்கள் ரகசிய இடத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். பழங்காலத்து மனிதர்கள் யார், கடல்மேல் போன பெரிய கப்பல்களை யார் கட்டியது, தொப்பி அணிந்தபின் மனம் மாறுமா என்றெல்லாம் ஜாக் சந்தேகங்களைக் கிளப்புகிறான். பிறகு விழா நடக்கிறது. ஜாக் திரும்பி வருகிறான். அன்பாகத்தான் இருக்கிறான், ஆரோக்கியமாக இருக்கிறான். ஆனால் அவனிடம் இப்போது கேள்விகள் இல்லை. வில் பழைய பேச்சை எடுத்தால் அது அவனுக்குச் சிறுபிள்ளைத்தனமாகப் படுகிறது. வேலை இருக்கிறது என்று போய்விடுகிறான். நண்பன் உயிரோடு கண்ணெதிரே இருக்கும்போதே அவனை இழந்துவிட்டதை வில் உணர்கிறான்.

பதின்ம வயது வாசகர்கள் இதை உடனே உள்வாங்கிக்கொள்வதற்குக் காரணம் உண்டு. வளர்வது என்றால் என்ன என்ற அச்சம் அந்த வயதில் எல்லோருக்கும் இருக்கிறது. தன்னைவிட இரண்டு வயது மூத்த அண்ணனோ அக்காவோ திடீரென்று பெரியவர்களின் மொழியில் பேசத் தொடங்கும்போது வரும் திகைப்பைக் கிறிஸ்டோபர் ஓர் உலோக வலையில் அடக்கிவிட்டார்.

எஜமானின் அன்பு

வில், அவனுக்குப் பிடிக்காத உறவுக்காரப் பையன் ஹென்றி, பிரான்சில் சேர்ந்துகொள்ளும் பீன்போல் என்ற பட்டப்பெயர் கொண்ட ஜான்-பால் ஆகிய மூவரும் தொப்பி அணியாத மனிதர்கள் வாழும் வெள்ளை மலைகளை, அதாவது ஆல்ப்ஸை நோக்கி நடக்கிறார்கள். வழியில் பசி, மழை, காய்ச்சல், துரத்தும் டிரைபாட்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து ஒரு பிரெஞ்சுக் கோட்டையில் காத்திருக்கிறது. காய்ச்சலில் விழுந்த வில்லை அங்குள்ள பிரபுக் குடும்பம் பராமரிக்கிறது. பிரபுவின் மகள் எலோயிஸ் அவனிடம் அன்பாகப் பழகுகிறாள். அங்கேயே தங்கிவிடலாம், வீரனாக வாழலாம், தொப்பி அணிந்தால் போதும். வில் கிட்டத்தட்டச் சம்மதித்துவிடுகிறான். அவனைக் காப்பாற்றுவது மன உறுதியும் அல்ல, கொள்கையும் அல்ல. எலோயிஸ் டிரைபாட்களுக்குச் சேவை செய்யத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அதை மாபெரும் பேறாக எண்ணி மகிழ்ச்சியோடு கிளம்புவதைப் பார்த்தபோதுதான் அவன் கண் திறக்கிறது.

இரண்டாம் நாவல் இதை இன்னும் ஆழத்துக்குக் கொண்டுபோகிறது. உளவாளியாகப் பொய்த் தொப்பியுடன் வில் டிரைபாட்களின் நகரத்துக்குள் நுழைகிறான். அங்கே ஆள்பவர்கள் தங்களை எஜமானர்கள் என்று அழைத்துக்கொள்கிறார்கள். மூன்று கால், மூன்று கண், மூன்று கரம் கொண்ட பச்சை நிற உயிரினங்கள். அவர்களுக்கு ஏற்ற பச்சைக் காற்று, கொதிக்கும் வெப்பம், உடலை அழுத்தும் ஈர்ப்புவிசை. மனித அடிமைகள் முகமூடி வழியே சுவாசித்து, ஓரிரு ஆண்டுகளில் தேய்ந்து சாகிறார்கள். உடன் வந்த ஃபிரிட்ஸுக்குக் கொடுமைக்கார எஜமான் வாய்க்கிறான். வில்லுக்கு வாய்த்தவனோ அன்பானவன். வில்லை வருடிக்கொடுக்கிறான், தன் மனச்சோர்வை அவனிடம் கொட்டுகிறான், மனிதர்களைப் பற்றி ஆர்வத்தோடு கேட்கிறான்.

அந்த அன்பான எஜமான் ஒருநாள் வில்லை ஒரு காட்சிக்கூடத்துக்கு அழைத்துப்போகிறான். பூமியின் அழகான பெண்களை உயிரற்ற உடல்களாகப் பதப்படுத்தி வரிசையாக வைத்திருக்கிறார்கள். அங்கே எலோயிஸும் இருக்கிறாள். எஜமானுக்கு அதில் எந்த உறுத்தலும் இல்லை. அழகை ரசிக்கத் தெரிந்தவன் என்ற பெருமைதான் இருக்கிறது. ஆதிக்கம் வெறுப்பிலிருந்துதான் பிறக்கும் என்பதில்லை, கனிவோடும் ரசனையோடும்கூட அது நடக்கும். பேரரசு ஒன்றின் கடைசி ஆண்டுகளில் வளர்ந்த ஓர் ஆங்கிலேயர் இந்த உண்மையைத் தன் நாட்டுச் சிறுவர்களுக்குச் சொன்னது சிறிய காரியம் அல்ல.

வெற்றிக்குப் பிறகு

சாதாரண சாகசக் கதை எதிரி ஒழிந்ததும் முடியும். ‘தி பூல் ஆஃப் ஃபயர்’ அப்படி முடியவில்லை. எஜமானர்களின் உடலுக்கு மது ஒவ்வாது என்று மனிதர்கள் கண்டுபிடிக்கிறார்கள். நகரங்களின் தண்ணீரில் அதைக் கலந்து வீழ்த்துகிறார்கள். மூன்று நகரங்களில் இரண்டு விழுகின்றன. மூன்றாவதை வானிலிருந்து பலூன்களில் தாக்குகிறார்கள். போடும் குண்டுகள் நகரத்தின் கூரைக் கோளத்தில் உருண்டு விலகிவிடுகின்றன. கடைசியில் ஹென்றி குண்டை அணைத்தபடியே கோளத்தின்மேல் குதித்து, அது உருளாமல் பிடித்து நிற்கிறான். நகரம் அழிகிறது, அவனும் போகிறான். தொடக்கத்தில் வில்லுக்குப் பிடிக்காத அதே ஹென்றி.

விடுதலை கிடைத்ததும் மனிதகுலத்தின் மாநாடு கூடுகிறது. பழைய தேசப் பெருமைகள் தலைதூக்குகின்றன. போராட்டத்தை வழிநடத்திய ஜூலியஸ் ஓரங்கட்டப்படுகிறார். தொப்பி அணிந்திருந்தவரை மனிதர்கள் சண்டையிடவில்லை என்பது வாசகருக்கு நினைவு வருகிறது. அமைதியை அடிமைத்தனம் தந்தது. சுதந்திரம் தந்ததோ சச்சரவு. இந்தக் கசப்பைக் கிறிஸ்டோபர் பூசி மெழுகவில்லை. ஆனாலும் வில்லும் நண்பர்களும் தொப்பி வேண்டும் என்று ஏங்கவில்லை. சொந்த ஆசைகளை ஒதுக்கிவைத்து, மனிதர்களை மீண்டும் ஒன்றுசேர்க்கும் வேலையில் இறங்குகிறார்கள். வெற்றி அவர்கள் கைக்கு வருமா என்பதை நாவல் சொல்லவில்லை.

இத்தனை ராணுவ பலம் கொண்ட இருபதாம் நூற்றாண்டு மனிதர்களை டிரைபாட்கள் எப்படி வென்றிருக்க முடியும் என்று பின்னாளில் ஒரு கேள்வி எழுந்தது. அதற்கு விடையாக 1988இல் ‘வென் தி டிரைபாட்ஸ் கேம்’ எழுதினார். முதலில் வந்த டிரைபாட்களைப் போர் விமானங்கள் எளிதாக நொறுக்குகின்றன, மக்கள் சிரிக்கிறார்கள். பிறகு அவற்றைப் பற்றி ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி வருகிறது. விரும்பிப் பார்க்கும் லட்சக்கணக்கானோர் அதற்கு அடிமையாகிறார்கள். ஆயுதத்தால் பிடிக்க முடியாத உலகம் பொழுதுபோக்கால் பிடிபடுகிறது. இணையம் வீடுகளுக்குள் வருவதற்கு முன்பே எழுதிய கதை இது.

வேலிக்கு இருபுறமும்

வசதிக்காகச் சுதந்திரத்தை விட்டுக்கொடுக்கலாமா என்ற கேள்வியை அவர் ஒரு முத்தொகுதியோடு விட்டுவிடவில்லை. 1969இல் வந்த ‘தி லோட்டஸ் கேவ்ஸ்’ நாவலில் சந்திரக் குடியிருப்பில் வளரும் மார்ட்டி, ஸ்டீவ் என்ற இரு பையன்கள் நிலத்தடிக் குகையில் ஓர் அறிவுள்ள தாவரத்தைச் சந்திக்கிறார்கள். கேட்டதெல்லாம் கொடுக்கும் தாவரம் அது. பல பத்தாண்டுகளுக்கு முன் தொலைந்துபோன மனிதர் ஒருவர் முதுமையே தெரியாமல் அங்கே நிம்மதியாக வாழ்கிறார். அவர் அங்கேயே இருந்துவிடுகிறார். பையன்கள் வெறுமையான, கண்டிப்பு நிறைந்த தங்கள் குடியிருப்புக்குத் திரும்புகிறார்கள்.

1970இல் வந்த ‘தி கார்டியன்ஸ்’ இவ்வகையில் அவருடைய மிகக் கூர்மையான நூல் என்பேன். 2052ஆம் ஆண்டின் இங்கிலாந்து இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. ஒருபுறம் நெரிசலும் கலவரமும் வெறியூட்டும் விளையாட்டுகளும் நிறைந்த கானர்ப் நகரங்கள். மறுபுறம் குதிரைகளும் வேலைக்காரர்களும் தோட்ட விருந்துகளும் கொண்ட கவுண்டி. நடுவே வேலி. தந்தை இறந்தபின் அரசு விடுதிப் பள்ளியின் கொடுமை தாங்காத ராப் என்ற பையன் வேலியைக் கடந்து கவுண்டிக்குள் போகிறான். ஒரு செல்வக் குடும்பம் அவனை உறவினன் என்று சொல்லி வளர்க்கிறது. அவன் அந்த வாழ்க்கையில் ஊறிவிடுகிறான். ஆனால் அந்தக் குடும்பத்தின் மகன் மைக் இந்த ஏற்பாட்டையே எதிர்க்கும் புரட்சிக்காரர்களோடு சேர்கிறான்.

இங்கே கிறிஸ்டோபர் ஒரு நுட்பமான முடிச்சு போடுகிறார். இல்லாத வீட்டிலிருந்து வந்த ராப் வசதியைக் காக்க நினைக்கிறான். எல்லாம் இருக்கும் மைக் அதைத் துறக்கத் துணிகிறான். புரட்சி அடங்கியபின் ராப்புக்கே ஆளும் ரகசியக் குழுவில் இடம் கிடைக்கும் வாய்ப்பு வருகிறது. அப்போதுதான் மைக்கின் தந்தையைப் பற்றிய உண்மை தெரிகிறது. செடிகளை வளர்ப்பதிலேயே திருப்தி கொண்டு எதிலும் தலையிடாமல் வாழும் அந்தச் சாதுவான மனிதருக்கு முன்பே மூளையில் அறுவைச் சிகிச்சை செய்திருக்கிறார்கள். மகனுக்கும் அதுவே காத்திருந்தது. தாய்க்கும் எல்லாம் தெரியும். ராப் பதவியை உதறிவிட்டு வேலிக்கு அந்தப்புறம் திரும்பக் கிளம்புகிறான். இந்நூலுக்கு 1971இல் கார்டியன் சிறார் புனைகதைப் பரிசும், 1976இல் அதன் ஜெர்மன் மொழிபெயர்ப்புக்கு ஜெர்மனியின் இளையோர் இலக்கியப் பரிசும் கிடைத்தன.

1970 முதல் 1972 வரை வந்த மற்றொரு முத்தொகுதி ‘தி பிரின்ஸ் இன் வெயிட்டிங்’கில் தொடங்குகிறது. இயற்கைப் பேரழிவுக்குப் பின் இயந்திரங்களே பாவம் என்று ஒதுக்கப்பட்ட வின்செஸ்டரில் லூக் என்ற இளைஞன் இளவரசனாக ஆசைப்படுகிறான். பூசாரி வேடத்தில் அறிவியலைப் பாதுகாக்கும் ரகசியக் குழு அவனை முன்னிறுத்துகிறது. கடைசியில் நவீனத் துப்பாக்கிகளோடு தன் சொந்த நகரையே அவன் முற்றுகையிடுகிறான். நகர மக்கள் ஆயுதமில்லாமல் மதில்மேல் வந்து நிற்கிறார்கள். சுட்டால் நகரம் அவனுடையது. அவன் சுடாமல் திரும்பிப் போகிறான். லூக் எளிதில் நேசிக்க முடியாத நாயகன். கர்வமும் மன்னிக்காத குணமும் கொண்டவன். அப்படிப்பட்டவனையும் அந்த ஒரு கணத்தில் சரியான முடிவு எடுக்கவைத்ததில் கிறிஸ்டோபரின் மனிதப் பார்வை தெரிகிறது.

பலமும் குறையும்

அவருடைய நடை சிக்கனமானது. வில் தன் கதையைத் தானே சொல்கிறான். பெரிய தத்துவம் பேசுவதில்லை. பொறாமைப்பட்டேன், சோம்பலில் தவறு செய்தேன், அந்தத் தவறு நண்பர்களை ஆபத்தில் தள்ளியது என்று நேராகச் சொல்கிறான். பழங்கால நகரின் சுரங்க ரயில் நிலையத்தில் கிடைக்கும் எறிகுண்டுகளை அந்தப் பையன்கள் உலோக முட்டைகள் என்றே நினைக்கிறார்கள். வாசகருக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியாத அந்த இடைவெளியை வைத்தே கிறிஸ்டோபர் விறுவிறுப்பைக் கட்டுகிறார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். அவர் உலகில் பெண்களுக்கு இடம் மிகக் குறைவு. எலோயிஸ் ஆசையின் உருவமாக வந்து பலியாகிறாள். வெள்ளை மலைப் போராளிகளின் முன்னணியில் பெண்ணே இல்லை. அடுத்தது, பேரழிவுகளின் பிறப்பிடம். புல்லைக் கொல்லும் வைரஸ் சீனாவில் தொடங்குகிறது. 1977இல் வந்த ‘எம்ப்டி வேர்ல்ட்’ நாவலில் முதியவர்களில் தொடங்கி உலகையே காலிசெய்யும் கொள்ளைநோய் கல்கத்தாவின் பெயரைத் தாங்கி வருகிறது. ஆசியாவின் துயரம் ஐரோப்பியக் கதைக்கு முன்னுரையாக மட்டும் வந்துபோகும் இந்தப் பழக்கம் இன்றைய வாசகரை, குறிப்பாக நம்மை, உறுத்தாமல் இராது. அதே சமயம், ஆசியப் பஞ்சத்தைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு நகர்ந்த பிரிட்டனின் அலட்சியத்தை ‘தி டெத் ஆஃப் கிராஸ்’ நாவலிலேயே அவர் குற்றமாகக் காட்டினார் என்பதையும் மறைப்பதற்கில்லை.

பிபிசி 1984, 1985 ஆண்டுகளில் ‘தி டிரைபாட்ஸ்’ தொடரை இரண்டு பருவங்களாக, 25 பகுதிகளில் ஒளிபரப்பியது. மூன்றாம் பருவம் தயாராகவே இல்லை. இதனால் தொலைக்காட்சியில் மட்டும் பார்த்தவர்களுக்குக் கதை தோல்வியின் விளிம்பிலேயே நின்றுபோனது. கிறிஸ்டோபர் பின்னர் ரை நகரிலும் பாத் நகரிலும் வாழ்ந்தார். 2012 பிப்ரவரி 3 அன்று, 89ஆம் வயதில் பாத் நகரில் காலமானார். ‘தி டெத் ஆஃப் கிராஸ்’ அவர் உயிரோடிருந்தபோதே, 2009இல், பெங்குவின் நவீனச் செவ்வியல் வரிசையில் இடம்பெற்றுவிட்டது.

சிறுவர்களுக்கான நூல் நம்பிக்கை ஊட்ட வேண்டும் என்று நாம் சொல்கிறோம். சரிதான். ஆனால் நல்லவர்கள் வென்றால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பதினைந்து வயதுக்குமேல் தாங்காது. கிறிஸ்டோபர் கொடுக்கும் நம்பிக்கை கடினமானது, அதனால் நீடிப்பது. சாதாரணமான, குறையுள்ள ஒரு பையன்கூடச் சுகமான சிறையை அடையாளம் காண முடியும், அதை விட்டு வெளியேற முடியும், அதற்கான விலையைக் கொடுக்கவும் முடியும் என்பது அது. உங்கள் வீட்டில் ஆங்கிலம் சரளமாகப் படிக்கும் பன்னிரண்டு வயதுக்காரர் இருந்தால் ‘தி ஒயிட் மவுண்டன்ஸ்’ நாவலைக் கையில் கொடுங்கள். நீங்களும் உடன் படியுங்கள். ஜாக் விழா முடிந்து திரும்பி வரும் அத்தியாயத்துக்குப் பிறகு அவர்கள் கேட்கப்போகும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒரு பெரியவர் அருகில் இருக்க வேண்டும்.